கைராசிப் பேராசிரியர்

"உன் ஆறு பேஷண்டும் ஒரே பொம்பளை, ரக்னா. அதுவும் ஸ்வீடன் பக்கம் காலே வைக்காத அமெரிக்கப் பொம்பளை."

"மெதுவாப் பேசு ஹெட்விக். மாடி வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும். மாடியில இருக்கறவர் காதுலதான் முதல்ல விழணும்."

"ஒரு வருஷம் இங்கிலாந்து மழையில நனைஞ்சுட்டு வந்துட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா உனக்கு? ஏழு வருஷமா கத்தரிக்கோலும் பசையுமா உக்காந்திருக்கறவ நான்."

"உக்காந்தே. வெட்டினே. ஒட்டினே. பாத்தியா?"

"பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்."

"எனக்கு? உன் மேல? எதுக்கு, இந்த ஸ்வெட்டருக்கா?"

ஹாமர்விக் பல்கலைக்கழகத்தில் குரோமோசோம் பார்க்கிற துறையின் காபி அறை அது. மூன்றாவதாக அங்கே உட்கார்ந்திருந்தவன் துணைப் பேராசிரியர் ரூரிக். சண்டை சூடு பிடிக்கப் பிடிக்க அவனுக்குப் பசியும் ஏறியது போல. இலவங்கப்பட்டை பன்னைக் காபியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. ஹெட்விக் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும்போது அவன் விரலில் அவள் போட்ட மோதிரம் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது விரல் வெறுமையாக இருந்தது. கையில் ரக்னாவின் குடை இருந்தது. ஸ்வெட்டர் பேச்சில் இருந்த குத்தல் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், ஸ்வெட்டர் போட்டிருந்தவளைத் தவிர.

"ரூரிக், நீயாவது சொல்லேன்" என்றாள் ரக்னா.

"ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்றான் ரூரிக். அவன் எப்போதும் அப்படித்தான். வானிலை அறிக்கை வாசிக்கிறவன் கூட அவனைவிடத் துணிந்து பேசுவான்.

ஹெட்விக் எழுந்து கோப்பையைக் கழுவித் தட்டில் கவிழ்த்தாள். கதவருகே நின்று கடைசியாக ஒன்று சொன்னாள்.

"என்னை நம்ப வேண்டாம். பாதிரியார் புட்டியை எடுத்துப் பாரு. அவர் ஆம்பளைதானே?"

அந்தப் பேச்சை ரக்னா அன்றைக்கு வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள்.

அவள் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரக்னா டூஃப்வெஸன், முப்பத்தெட்டு வயது, கிராமத்துப் பன்றிப்பண்ணைக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியாராக இருந்தவள், நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு டாக்டர் பட்டத்துக்கு வந்தாள். விடுப்பு அந்த வருஷக் கோடையோடு முடிகிறது. பட்டம் கிடைத்தால் துறையிலேயே வேலை. கிடைக்காவிட்டால் மறுபடியும் ஏழாம் வகுப்பு, தவளையை அறுக்கச் சொன்னால் தவளையைச் சுவரில் எறிகிற பிள்ளைகள். பட்டம் வாங்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் தங்க மோதிரத்துக்கு அளவு கொடுத்தாயிற்று. கறுப்புத் தொப்பிக்குத் தலையையும் அளந்தாயிற்று. தலை பெரியது என்று தொப்பிக்காரர் சொன்னதை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அவள் ஆராய்ந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்களை. அந்தச் செல்களில் குரோமோசோம்கள் ஒழுங்காக இருப்பதில்லை. நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் எழுபது எண்பது கிடக்கும். உடைந்த துண்டு இன்னொரு உடைந்த துண்டைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் கை இன்னொன்றின் தோளில் முளைத்திருக்கும். கண்ணாடித் தகட்டில் அவற்றைப் படமெடுத்து, படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்ட வேண்டும். சாயமேற்றினால் அதில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும் என்று கண்டுபிடித்த பிறகுதான் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது. ரக்னாவுக்கு எட்டு நோயாளிகளின் செல்கள் கிடைத்தன. அவற்றில் ஆறு பேரிடம் ஒரே உடைப்பு, ஒரே ஒட்டு. ஒன்றாம் குரோமோசோமின் குட்டைக் கை, மூன்றாம் குரோமோசோமின் நீளக் கையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆறு பேரிடமும் அச்சு அசலாக.

பேராசிரியர் சிக்ஸ்டன் ப்ரோலிண்டர் அந்த அட்டைகளைப் பார்த்த நாளில் துறைக்கே கேக் வாங்கினார். அவர் கேக் வாங்குகிற மனிதர் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஓர் ஊரின் பெயரில் குரோமோசோம் இருப்பது அவர் நெஞ்சில் பல வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த முள். அன்றைக்கே இதற்கு ஹாமர்விக் குரோமோசோம் என்று பெயர் வைத்துவிட்டார். மீதி இரண்டு நோயாளிகளிடம் அது இல்லையே என்று ரக்னா கேட்டபோது, "அதெல்லாம் விதிவிலக்கு. பின்னிணைப்புல போடு" என்றார்.

அவரைப் பற்றியும் ஊரில் சொல்ல நிறைய இருந்தது. நாடு முழுக்க எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்று கூப்பிடத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகியும், அவரிடம் மட்டும் அவர் அறையிலேயே இல்லாதது போலத்தான் பேச வேண்டும். "புரொபசர் இன்னொரு கப் காபி எடுத்துக்கறாரா?" என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்க வேண்டும். அவரும் அந்த இல்லாத மனிதருக்காக யோசித்துப் பதில் சொல்வார்.

இன்னொரு பெருமை அவருக்கு, கைராசி. மனித உடலிலிருந்து எடுத்த செல்களைப் புட்டியில் வளர்ப்பது லேசான வேலை இல்லை. பத்தில் ஒன்பது செத்துப்போகும். ப்ரோலிண்டர் கை பட்டால் எல்லாம் பிழைக்கும். வியாழக்கிழமைதோறும், அந்த நாட்டு வியாழக்கிழமைச் சாப்பாடான பட்டாணி சூப்புக்கு மணி அடிப்பதற்கு முன், அவரே வளர்ப்பறைக்குள் போய் எல்லாப் புட்டிகளுக்கும் உணவுத் திரவம் ஊற்றுவார். முகமூடி கிடையாது, உதட்டில் சீழ்க்கை உண்டு. செல்லுக்கு மனுஷ வாசனை பிடிக்கும் என்பது அவர் சித்தாந்தம்.

ஹெட்விக் சொன்ன 'அமெரிக்கப் பொம்பளை' யார் என்று அந்தத் துறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹீலா என்று பெயர் வைத்த செல்கள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் கருப்பை வாய்ப் புற்றில் இறந்துபோன ஒரு கறுப்பினப் பெண்ணுடையவை. அவளைக் கேட்காமலே எடுத்தவை. உலகமெல்லாம் ஆய்வுக்கூடங்களில் அவள் செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு துளி தெறித்தால் போதும், பக்கத்துப் புட்டியில் ஏறி, அங்கே இருந்த செல்களைப் பட்டினி போட்டுவிட்டுத் தானே நிறைந்துவிடும். ஹாமர்விக்கிலும் மேல்தட்டில் அவளுக்கு ஒரு புட்டி இருந்தது, மாணவர்கள் பழகுவதற்காக. ஏதோ மாநாட்டிலிருந்து ப்ரோலிண்டர் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம், வளர்ப்பறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ரக்னா பாதிரியார் புட்டியை எடுத்தாள்.

பேராலயத்துப் பெரிய பாதிரியார் ஆல்கோட், முந்தைய இலையுதிர் காலத்தில் தொண்டைப் புற்றில் போனவர். பாவத்தைப் பற்றிப் பேசினால் கடைசி வரிசைக்கும் எச்சில் தெறிக்கும் என்பார்கள். அவர் தொண்டையிலிருந்து எடுத்த துணுக்கும் ப்ரோலிண்டர் கையால் பிழைத்துத் தட்டில் இருந்தது. ரக்னா தகடு செய்து, படமெடுத்து, வெட்டி, ஒட்டினாள். வேலை முடிய அடுத்த வாரம் ஆயிற்று. அட்டையில் ஒன்றாம் குரோமோசோமின் குட்டைக் கை, மூன்றாம் குரோமோசோமின் நீளக் கையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆணுக்கு இருந்தே ஆக வேண்டிய ஒய் குரோமோசோம் எங்கேயும் இல்லை. ஹாமர்விக் பேராலயத்தில் இருபது வருஷம் பெண்களின் நடத்தையைப் பற்றிப் பிரசங்கம் செய்த தொண்டையில் ஒரு பெண்ணின் கருப்பை வாய் வளர்ந்துகொண்டிருந்தது.

ரக்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவர் ஏதாவது சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் படியேறினாள்.

"புரொபசர் இதைக் கொஞ்சம் பாக்கறாரா?"

ப்ரோலிண்டர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"இது யாரு?"

"பாதிரியார் ஆல்கோட்."

"தொண்டையிலயா? தொண்டையிலேயே இருக்கா நம்ம குரோமோசோம்?"

"ஒய் இல்லை. புரொபசர் அதையும் கவனிக்கணும்."

"வயசான ஆம்பளைகளுக்கு ஒய் உதிர்ந்து போறது சகஜம்மா. தலைமுடி மாதிரி." அவர் எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பியபோது முகம் பிரகாசமாக இருந்தது. "நாம சின்னதா யோசிச்சுட்டோம், ரக்னா. இது கருப்பை வாய்க்கு மட்டும் இல்லை. எல்லாப் புற்றுக்கும் இதுதான் அடையாளம். ஆம்பளை, பொம்பளை, பாதிரியார், எல்லாருக்கும்."

வீடு தீப்பிடித்தது என்று சொன்னால் நல்ல வெளிச்சம் என்று சந்தோஷப்படுகிறவரை என்ன செய்வது? ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: ரக்னா அன்றைக்கு அவரை நம்பினாள். நம்பினால் தொப்பி இருந்தது, மோதிரம் இருந்தது, ரூரிக் பிடிக்கும் குடை இருந்தது. அந்த வாரம் முழுக்க, எல்லாப் புற்றுக்கும் ஒரே அடையாளம் என்று அவளும் பல் துலக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஹெட்விக் எதிரே வந்தால் தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை வந்தது. வழக்கமாக அந்த நேரம் அவள் தன் மேசையில் இருப்பாள். அன்றைக்கு ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வளர்ப்பறைக்குள் போய் நின்றாள். ப்ரோலிண்டர் சீழ்க்கையடித்தபடி இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த பெரிய புட்டியைத் திறந்தார். ஒரே ஒரு கண்ணாடி உறிஞ்சுகுழல். மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தார், அமெரிக்கப் பெண்ணிலிருந்து. அவள் புட்டிக்குள் குழலை நுழைத்துப் பழைய திரவத்தை உறிஞ்சித் துப்பினார்; அதே குழலைப் பெரிய புட்டிக்குள் விட்டார்; அடுத்த புட்டி, மறுபடி பெரிய புட்டி. குழலின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டே எல்லா வீட்டுக்கும் போய் வந்தது. ஏழு வருஷமாக எல்லோரும் சூப்பு மணியைத்தான் கேட்டார்கள். அந்தத் துளியை ஒருவரும் பார்க்கவில்லை. கைராசி கைராசி என்றார்களே, இதுதான் அது.

கீழ்த்தட்டின் மூலையில் ரக்னாவின் இரண்டு விதிவிலக்குகள் இருந்தன. மெதுவாக வளர்ந்து தொல்லை கொடுத்ததால் ப்ரோலிண்டர் அவற்றைத் தொடுவதில்லை. அவற்றுக்கு ரக்னாதான் தனிக் குழலில், தனிப் புட்டியிலிருந்து ஊற்றிவந்தாள்.

அடுத்த வியாழக்கிழமைக்கு முன் அவள் ஒரு சுத்தமான புட்டியில் வெறும் திரவத்தை ஊற்றினாள். வேறு எதுவும் போடவில்லை. வெளியே 'திருமதி ஹூல்ட்' என்று எழுதி, மற்றவற்றோடு நடுத்தட்டில் வைத்தாள். அதன்பின் அதைத் தொடவில்லை. புரொபசர் தொட்டார், வாராவாரம்.

ஏப்ரல் முடிவதற்குள் திருமதி ஹூல்ட் புட்டியின் அடியில் படர்ந்து நிறைந்துவிட்டாள்.

இதற்குள் ஆய்வேடு அச்சாகி வந்துவிட்டது. ஹாமர்விக் வழக்கப்படி, பட்டத் தேர்வுக்கு முன்பு ஒரு நாள் குறித்து, பல்கலைக்கழகப் பெரிய கூடத்து ஓக் பலகையில் ஆய்வேட்டை ஆணியடித்து மாட்ட வேண்டும். எழுதியவர் தன் கையாலேயே அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் அது ஊரறிந்த சொத்து. யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். ஆணியடிக்கிற நாளுக்கு முந்தைய வியாழன், சூப்பும் அப்பமும் முடிந்து, மேசையில் ஜாம் கிண்ணம் மட்டும் மிச்சமிருந்த நேரம். ரக்னா அட்டையை ப்ரோலிண்டர் முன் வைத்தாள்.

"புது பேஷண்ட். திருமதி ஹூல்ட்."

அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்க, பாருங்க. இவ்வளவு தெளிவா ஒண்ணு வரலை இதுவரைக்கும். அத்தனை பேர்லயும் இவதான் அழகி. பேச்சுக்கு முதல் படமா இதைத்தான் போடணும்."

ரூரிக் எட்டிப் பார்த்து, "அபாரம்" என்றான்.

"அந்தப் புட்டியில நான் யாரையும் போடலை" என்றாள் ரக்னா.

"என்னது?"

"திருமதி ஹூல்ட்னு ஒருத்தி கிடையாது. வெறும் தண்ணியும் உப்பும் கன்னுக்குட்டி சீரமும். அதுல தானா வந்தவ இவ."

ஹெட்விக் ஜாம் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். சிரிக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அங்கே இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

ப்ரோலிண்டர் அட்டையை மேசையில் வைத்தார். "சுத்தமா வேலை செய்யத் தெரியாத கை பட்டா இப்படித்தான் ஆகும்."

"என் கை படவே இல்லை. பட்டது ஒரே ஒரு கை. சீழ்க்கையும்."

"சரி, ஹீலாதான்னே வச்சுக்குவோம்" என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு. "அப்போ அந்த அமெரிக்கக்காரிகிட்டயும் ஹாமர்விக் குரோமோசோம் இருக்குன்னுதானே அர்த்தம்? இது எனக்குச் சாதகம்தான்."

ஆறு பெண்களின் பெயர் அந்தப் புட்டிகளில் எழுதியிருந்தது. அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த செல்கள் எப்போதோ ஒரு வியாழக்கிழமை, இந்த மேசையில் அப்பம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, பசியில் செத்திருக்கின்றன. அவர்களுக்கு உண்மையில் எது உடைந்தது, எது எதோடு ஒட்டியது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ரக்னா இதைச் சொல்ல வாயெடுத்தாள். ப்ரோலிண்டர் கையை உயர்த்திவிட்டார்.

"அச்சாயிடுச்சு. கூடம் சொல்லியாச்சு. எதிர்வாதம் பண்ண ஹெல்சிங்கியிலேருந்து ஆள் வர்றார். லோவிசா பட்ட விருந்துக்கு சால்மன் மீனுக்குச் சொல்லிட்டா. திங்கக்கிழமை நீ ஆணியை அடிக்கறே."

லோவிசா அவர் மனைவி. அவள் சால்மனுக்குச் சொன்னால் சால்மன் வந்தே தீரும்.

வெளியே தாழ்வாரத்தில் ரூரிக் ரக்னாவின் முழங்கையைப் பிடித்தான்.

"அடிச்சிடு. பட்டம் வாங்கிக்கோ. அப்புறமா ஒரு திருத்தத் தாள் சொருகிக்கலாம். எல்லாரும் பண்றதுதான்."

"திருத்தத் தாள்ல என்ன எழுதறது? 'பக்கம் ஒண்ணுலேருந்து கடைசி வரைக்கும் தப்பு'ன்னா?"

"நம்ம ரெண்டு பேரைப் பத்தியும் யோசிச்சுப் பாரு, ரக்னா."

"யோசிச்சேன். உன் குடையை எடுத்துக்கோ."

"அது உன் குடை."

"சரி, கொடு."

திங்கட்கிழமை காலை ஓக் பலகையின் முன் நல்ல கூட்டம். குரோமோசோம் பற்றி ஒன்றும் தெரியாத துறைகளிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சேதி வியாழக்கிழமை மாலையே ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது. ப்ரோலிண்டர் கறுப்புக் கோட்டு, லோவிசா முத்துமாலை. ரக்னா நீல உடுப்பில், ஒரு கையில் ஆய்வேடும் ஒரு கையில் சுத்தியலுமாக வந்தாள். ப்ரோலிண்டர் நம் சிறிய பல்கலைக்கழகம், பெரிய உலகம் என்று ஒரு சிறு உரை ஆற்றினார். பிறகு ஆணியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ரக்னா ஆணியை வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இதுல ஆறு நோயாளிங்கன்னு எழுதியிருக்கேன். ஆறும் ஒரே ஹீலா. எங்க வளர்ப்பறையில கலந்து போச்சு. ஏழு வருஷம் நானும் கவனிக்கலை. அதனால இதை மாட்டப் போறதில்லை."

"ரக்னா" என்றார் ப்ரோலிண்டர், பல்லிடுக்கில். "ஆணியை அடி."

"சிக்ஸ்டன், உனக்கு அவ்வளவு ஆசைன்னா நீயே அடிச்சுக்கோ."

சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டாள். கறுப்புக் கோட்டு, ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் ஆணி. அடுத்தவர் புத்தகத்தை அடித்து மாட்ட வழக்கத்தில் இடமில்லை. மாட்டுவதற்குப் புத்தகமும் இல்லை, அவள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரூரிக் கூரையில் இருந்த ஓவியத்தைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் லோவிசாதான் சுத்தியலை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள். பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விருந்து ரத்தாகவில்லை. சால்மனைத் திருப்பித் தர முடியாது என்று லோவிசா சொல்லிவிட்டாள். தேர்வு நடந்திருக்க வேண்டிய நாள் சாயங்காலம், அது ப்ரோலிண்டரின் அறுபதாவது பிறந்தநாள் முன்கொண்டாட்டம் என்று ஆனது. பிறந்தநாள் நவம்பரில். போனவர்கள் எல்லோரும் இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள், ஹெட்விக் உட்பட.

ரக்னாவின் விடுப்பு முடிந்தது. ஏழாம் வகுப்பு அவளுக்காகக் காத்திருந்தது, அவள் போகவில்லை. வடக்கே உமியோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாதி வேலை கிடைத்தது. புட்டி குளிர்ந்தால் செல் செத்துவிடும் என்று, தன் இரண்டு விதிவிலக்குகளையும் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலில் போனாள். டிக்கெட் பரிசோதகர் ஏதோ சரக்கு கடத்துகிறாள் என்று நினைத்தாராம். மூன்று வருஷத்தில் வேறொரு ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டினாள். மெல்லிய புத்தகம். இரண்டே நோயாளிகள், இரண்டு பேரிடமும் வெவ்வேறு உடைப்பு, வெவ்வேறு ஒட்டு. பெரிதாக ஒன்றும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் அந்த இரண்டு பேர்தான்.

ப்ரோலிண்டர் ஹாமர்விக் குரோமோசோமைப் பற்றி இன்னும் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு ஓய்வு பெற்று, லோவிசாவோடு மயோர்க்காத் தீவுக்குக் குடிபோனார். அங்கே எலுமிச்சை வளர்க்கிறாராம், நன்றாகக் காய்க்கிறதாம். அவர் நாற்காலி ரூரிக்குக்குக் கிடைத்தது. அவன் ஒரு பல் டாக்டரின் மகளைக் கட்டிக்கொண்டான். அவள் அவனுக்கும் சேர்த்து எல்லாவற்றிலும் கருத்துச் சொல்கிறாள். ஹெட்விக் இங்கிலாந்துக்கே திரும்பிப் போய், அந்த மழையில் ஒரு வெல்ஷ்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரட்டைப் பெண் குழந்தைகள். ரக்னா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உமியோவில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார், மனைவியை இழந்தவர், வெள்ளிக்கிழமைகளில் வந்து போகிறார் என்று சொல்கிறவர்கள் உண்டு. வருகிறார், போவதில்லை என்றும் சொல்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டை அவர் போன வசந்தத்தில் விற்றுவிட்டார் என்பது மட்டும் உறுதி.